வெறும் கற்கண்டு

செம்பவாங்
26.1.1962

அன்புள்ள வேலாயுதம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இல்லாவிட்டால் பயத்தில் எதையாவது விட்டுவிடுவேன். எழுத நினைப்பவை:

1. தைப்பூசத்தன்று நான் செய்தது.
2. ஏன் செய்தேன் என்பது.
3. நான் செய்யாதது.
4. இனிச் செய்ய வேண்டியது.

முதலாவது. உங்கள் மனைவி கண்மணி அம்மாள் மூன்று வருடம் தைப்பூசத்தன்று உங்கள் படக்கடைக்கு முன்னால், ஐந்தடிப் பாதையில், காவடியோடு நடப்பவர்களுக்கு மோர் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது வருடம். மகள் மங்களத்துக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனபின் எடுத்த வேண்டுதல் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். மோரோடு கற்கண்டும் கொடுக்கலாம், அது என் பங்காக இருக்கட்டும் என்று நான் கேட்டேன். "கிராணி சார், கோயில் கொட்டுச் சத்தம் கேட்டாலே எதிர்ப் பக்கம் நடப்பீங்க. இந்த வருஷம் என்ன அதிசயம்?" என்று சிரித்தீர்கள். சம்மதமும் சொன்னீர்கள்.

அந்தக் கற்கண்டை எங்கள் சபையின் துண்டுப் பிரசுரத்தில் பொட்டலம் கட்டினேன். அச்செழுத்து உள்பக்கம் வரும்படி மடித்தேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே மடித்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

இரண்டாவது. எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் வயதில் இளையவர், நல்லவர். நற்செய்தியை ஆலயத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தால் போதாது, மக்கள் கூடும் இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஒருநாள் என்னிடம், "ஜேசுதாசன் ஐயா, சிராங்கூன் சாலையில் உங்களைத் தெரியாத கடையில்லை என்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் நம் ஆண்டவரைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஒருவரிடமும் இல்லை. சனிக்கிழமைதோறும் உங்கள் கடை முக்காலியில் உட்கார்ந்து, நீங்கள் சட்டத்துக்கு ஆணி அடிக்கும்போது கண்ணாடி நகராமல் பிடித்துக்கொண்டிருப்பேன். சாமி படங்கள் எத்தனையோ என் மடியைத் தாண்டிப் போயிருக்கின்றன. அப்போதுகூட ஒரு வார்த்தை வரவில்லை. கடற்படைத் தள அலுவலகத்தில் கிராணியாக இருந்த காலமெல்லாம் கோப்பு எழுதித்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. பேசாமலே கொடுத்துவிட ஒரு வழி இருக்கிறதே என்று தோன்றியது.

மூன்றாவது. நான் பொய் சொல்லவில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அதைப் பிரசாதமாக எடுத்துக்கொள்வார்கள், வீட்டில் சாமி படத்தின் முன் வைப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நான்காவது. நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று உங்களைப் பார்க்கப் பேருந்து ஏறினேன். உங்கள் கடைக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டேன்.

தங்கள்,
ஜேசுதாசன்


சிராங்கூன் சாலை
1.2.1962

ஜேசுதாசன் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு மன்னிப்புக் கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. சொல்கிறேன். அன்று மோர் எல்லாம் தீர்ந்த பிறகு கண்மணி கடைசிப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து முருகன் படத்தின் முன்னால் வைத்தாள். இராத்திரி அங்கேயே இருந்தது. மறுநாள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மங்களத்தைப் பார்க்கப் புக்கிட் பாஞ்சாங்கில் மருமகன் வீட்டுக்குப் போனோம். மகள் வாயில் கண்மணி இரண்டு கற்கண்டைத் தன் கையாலேயே போட்டாள். மங்களம் காகிதத்தைப் பிரித்து, "அம்மா, இதுல என்னமோ எழுதியிருக்கே" என்று வாசிக்க ஆரம்பித்தாள். "நீ தேடும் வழி எது?" என்று தலைப்பு. கோயில் விஷயம் என்று நினைத்து நாங்களும் பக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதி வாசித்தபின்தான் விளங்கியது.

கண்மணி கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். "மோரை ஊத்தினது நான். பேரு வேற யாருக்கோ போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து விளக்கு ஏற்றுவதில்லை. நான்தான் ஏற்றுகிறேன்.

நீங்கள் உங்கள் சாமியைப் பற்றிப் பேச நினைத்தால் பேசியிருக்கலாமே சார். நான் என்ன உங்களைக் கடையை விட்டு விரட்டியிருப்பேனா? ஆணியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். அதன் பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு மறுக்கிற உரிமை எனக்கு இருந்தது. அதைப் பொட்டலத்தில் மடித்துவிட்டீர்கள். கும்பிடுகிற சாமியை நீங்களே ஒளித்துவைத்தால் நாங்கள் எப்படி மதிப்பது?

இன்னொன்று. உங்கள் மூன்றாவது நம்பர் பற்றி வீட்டில் சண்டை. தைப்பூசத்தன்று காலையிலேயே உங்களிடம் கேட்டதாகக் கண்மணி சொல்கிறாள். "நான் கேட்டேங்க. வாய்விட்டுக் கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னாரு" என்கிறாள். நான் உங்கள் கடிதத்தை எடுத்து அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். "இங்க பாரு, யாரும் கேக்கலன்னு கிராணி சார் எழுதியிருக்காரு. அவரு செஞ்சது தப்பு. ஆனா பொய் எழுதுற ஆளு இல்ல. உனக்குத்தான் அந்தக் கூட்டத்துல ஞாபகம் பிசகிடுச்சு" என்றேன்.

காலமான உங்கள் மனைவி அன்னம்மா அம்மாள் படத்துக்குச் சட்டம் போட்டு முடித்தாயிற்று. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

வேலாயுதம்


செம்பவாங்
9.2.1962

அன்புள்ள வேலாயுதம் அவர்களுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடைக்கு வரவில்லை. ஆனால் சிராங்கூன் சாலைக்கு வந்தேன். யாராவது வந்து சொல்வதற்குமுன் நானே எழுதிவிடுகிறேன்.

பொட்டலங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள் அல்லவா? உங்கள் பக்கத்துத் தெருக்களில், அன்று மோர் குடித்ததாக எனக்கு முகம் தெரிந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போனேன். வேலாயுதம், வாழ்நாளில் நான் யாருடைய கதவையும் நற்செய்தி சொல்லத் தட்டியதில்லை. அதைத் திருப்பிக் கேட்கத்தான் முதல்முறையாகத் தட்டினேன். இதை எங்கள் போதகரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பூக்கட்டும் மருதப்பன் வீட்டில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கற்கண்டா? அதை அன்னிக்கே தின்னாச்சு லா. வாயிலேருந்தா எடுத்துத் தர முடியும்?" என்றார். காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. பூ சுத்திக் கொடுத்துட்டேன்" என்றார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "ஏன் ஐயா, அதுல காசு கீசு வச்சு மறந்துட்டீங்களா?" என்றார். அவர் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் நின்றேன்.

எருமைச் சாலையில் ஒரு தாய், பொட்டலத்தைப் பிரிக்காமல் குழந்தையின் தலைமாட்டில் வைத்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சலாம். நான் கேட்டதும் பயந்துவிட்டார். "சாமி குத்தம் எதுவும் இல்லையே?" என்றார். இல்லை அம்மா, என் குற்றம் மட்டும்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, வெறும் தலைமாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கையில் வாங்கியபின் வேறு எந்த வீட்டுக்கும் போக என்னால் முடியவில்லை.

திரும்பும் வழியில், நான் கற்கண்டு வாங்கிய கடையிலிருந்து நாகூர் கனி கூப்பிட்டார். செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. "என்ன கிராணியாரே, கற்கண்டு என் கடை சரக்கு. கொடுத்தது முருகனுக்கு வேண்டிக்கிட்ட அம்மா. சுத்தின காயிதம் உங்க சபையோடது. இப்ப மூணு சாமியும் சேர்ந்து என்கிட்ட வந்து தரம் சரியில்லன்னு சொல்லாம இருந்தா சரி" என்றார். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவருடைய இரக்கம் கேலியைவிட அதிகமாக வலித்தது.

கண்மணி அம்மாள் கேட்டதாகச் சொல்வது பற்றி: அன்று கொட்டுச் சத்தம், கூட்டம். காவடிகள் வந்துகொண்டே இருந்தன. அவர் என்னிடம் ஏதோ பேசியிருக்கலாம். நான் ஏதோ பதிலும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெளிவாக நினைவில்லை. அதற்குமேல் எழுத இயலவில்லை.

போன ஞாயிறு போதகர் பிரசங்கத்தின் நடுவே, தைப்பூசத்தன்று தெருவில் பணி செய்த மூத்த சகோதரர் என்று என் பெயரைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி செலுத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அங்கே இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தங்கள்,
ஜேசுதாசன்


சிராங்கூன் சாலை
20.2.1962

கிராணி சாருக்கு,

நீங்கள் வீடு வீடாகப் போனதை மருதப்பன் கடைக்கே வந்து நடித்துக் காட்டினான். குடையை இடுக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்து, "அம்மா, அந்தப் பொட்டலம்..." என்று உங்கள் குரலிலேயே பேசினான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் போனபிறகு வருத்தமாக இருந்தது. இந்த வயதில் வெயிலில் அதற்காக அலைந்திருக்கிறீர்கள். அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

மாசி பிறந்தால் மங்களத்துக்கு வளைகாப்பு வைத்து வீட்டுக்கு அழைத்துவருவதாகப் பேசியிருந்தோம். முன்னால் இரண்டும் தங்காததால், இந்தத் தடவை ஒன்பதாம் மாதம் தொடட்டும் என்று பொறுத்திருந்தோம். மாசியும் பிறந்துவிட்டது. கண்மணி மாட்டேன் என்கிறாள்.

கோபத்தில் சொல்லவில்லை. என்னோடு சண்டையையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் இரண்டாவது கடிதத்தில், நினைவில்லை என்று எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரிங்க. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றீங்கன்னா நான் கேக்கலன்னே வச்சுக்குங்க" என்றாள். பிறகு, "அப்ப, வேண்டுதலை வச்சுக்கிட்டு என்ன ஏதுன்னு பாக்காம, கண்டதையும் வாங்கி முருகன் முன்னாடி வச்சவ நான்தான். அதே கையால புள்ளைக்கும் ஊட்டினேன். இந்தக் கையால எப்படிங்க வளையல் போடுறது? வேற யாராவது போடட்டும்" என்றாள்.

மங்களத்துக்கு இதை எப்படிச் சொல்வது? நேற்று போயிருந்தபோது, "அப்பா, அம்மா ஏன் வரல? நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அழுதாள். மருமகன் வெளியே போய் நின்றுகொண்டார். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராத பெண்ணைப் பற்றி அவர் வீட்டார் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசட்டும், அது பெரிதில்லை. பிள்ளைக்கு வலி வரும்போது தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் சார். மூன்றாம் முறை. அவளுக்குப் பயமாக இருக்காதா?

வேண்டுதல் கெடவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கண்மணி கேட்பாளோ என்று ஒரு எண்ணம். முருகன் ஏற்றுக்கொண்டார் என்று உங்களால் எழுத முடியாது, தெரியும். வேறு எப்படியாவது எழுதுங்கள். எனக்கு அப்படி எழுதத் தெரியாததால் கேட்கிறேன்.

உங்கள் மனைவி படத்தை எடுக்க யாரும் வரவில்லை. கீழே வைத்தால் கண்ணாடி உடையும் என்று சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் லட்சுமி, இன்னொரு பக்கம் முருகன். வேறு ஆணி காலியில்லை. கண்மணி தினமும் மூன்றையும் சேர்த்தே துடைக்கிறாள்.

வேலாயுதம்


செம்பவாங்
24.2.1962

தம்பி வேலாயுதம்,

இந்தக் கடிதத்துக்கும் நம்பர் போட்டுத்தான் தொடங்கினேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. ஒன்றாவது, இரண்டாவது என்று போட்டவுடன் சொல்ல வேண்டியது எப்படியோ கடைசி நம்பருக்குப் போய்விடுகிறது. அந்த நம்பருக்குக் கை வரும்போது, சற்று ஒதுங்கி நின்று எழுதக்கூடிய ஒரு வாக்கியமும் கிடைத்துவிடுகிறது. வேலை பார்த்த காலத்தில் இப்படி வாக்கியங்கள் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். நினைவில்லை என்று எழுதினேனே, அதுவும் அப்படிப்பட்டதுதான்.

வேண்டுதல் கெடவில்லை என்று எழுதச் சொன்னீர்கள். உங்கள் வேண்டுதலைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. முருகன் ஏற்றார் என்று நான் எழுதினால் அது உங்களைத் தேற்றுவதற்காக நான் நம்பாததைச் சொல்வதாக இருக்கும். அந்த மாதிரி ஏற்கெனவே சொன்னது போதும். எனக்குத் தெரிந்த ஒன்று மட்டும் இருக்கிறது. கண்மணி அம்மாள் கவனமில்லாமல் இருந்தாரா என்பது. அதற்கு இந்த ஊரில் சாட்சி நான் ஒருவன்தான். அந்தச் சாட்சியை நான் மறைத்துவைத்திருந்தேன்.

அன்று காலை நீங்கள் ஐஸ் கட்டி வாங்கப் போயிருந்தீர்கள். முதல் காவடி இன்னும் வரவில்லை. கூட்டமும் இல்லை. கொட்டுச் சத்தம் பெருமாள் கோயில் பக்கம் தூரத்தில்தான் கேட்டது. நான் எழுதிய இரைச்சல் அப்போது இல்லை. கண்மணி அம்மாள் மோர்ப் பானைக்குக் குங்குமம் வைத்துவிட்டு, என் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். கட்டியிருந்த நூலையும் பார்த்தார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல உங்க கோயில் சமாச்சாரம் எதுவும் இல்லையே? என் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டது லா, அதான் கேக்குறேன்" என்றார்.

அவர் கேட்ட விதம் மரியாதையாக இருந்தது. கேட்டதற்காக என்னிடமே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஆமாம் அம்மா, நான் நம்புகிற ஒன்று இதற்குள் இருக்கிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்று. அவர் வேண்டாம் என்றிருப்பார். நான் கற்கண்டை வெறும் தாளில் மாற்றிக் கட்டியிருப்பேன். அதுவே நான் என் ஆண்டவரைப் பற்றி ஒருவரிடம் வாய்திறந்து பேசிய முதல் வார்த்தையாகவும் இருந்திருக்கும். பேச ஒரு வாய்ப்பு வேண்டும் என்று எவ்வளவு காலம் ஜெபித்தேன். அது மஞ்சள் பூசிய கையில் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்று, கேட்கவும் கேட்டது.

"வெறும் கற்கண்டுதான், அம்மா" என்றேன்.

"அப்ப சரிங்க ஐயா" என்று பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். எனக்கு ஒரு டம்ளர் மோரும் தந்தார். நான் குடித்தேன்.

கற்கண்டுதானே, சொன்னது உண்மைதானே என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கடிதத்தை வைத்து அவரை மறதிக்காரி ஆக்கினீர்கள் என்று படித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். 'பொய் எழுதுற ஆளு இல்ல' என்று என்னைப் பற்றி நீங்கள் சொன்னதை இழக்க மனம் வரவில்லை. இப்படிச் சொல்ல எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அதற்காக உங்கள் மனைவியின் சொல்லை உங்களிடமிருந்து பறித்தேன். அவர் கையை அவரே வெறுக்கும்படி செய்தேன்.

நாளை ஆலயத்தில் எழுந்து இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். எழுந்திருப்பேனா என்று எனக்கே சந்தேகம். ஆகையால் இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் போட்டுவிடுகிறேன். போட்டபின் திரும்ப வாங்க முடியாதல்லவா.

அன்னம்மாவின் படம் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் வரலாம் என்று சொல்லும் நாளில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் துடைக்கிற கை நல்ல கை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைக் கண்மணி அம்மாளுக்கு வாய்விட்டு வாசியுங்கள். முன்பு என் கடிதங்களை வாசித்துக் காட்டிய அதே இடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு புக்கிட் பாஞ்சாங் கொண்டுபோய் மங்களத்தின் முன்னாலும் வாசியுங்கள். எங்கே நிறுத்துவது என்று தயங்க வேண்டாம். கடைசி வரிவரை வாசியுங்கள்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு. கண்மணி அம்மாள் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

ஜேசுதாசன்